8 லட்சத்துக்குக் கீழே ஓர் எண்: ஸ்பிரிங்ஃபீல்ட் ரிசீவர்கள் ஏன் உடைந்தன

அமெரிக்காவில் தனக்கென ஒரு ரைபிளை முதன்முறையாக வீட்டிலேயே செய்துபார்க்க நினைத்தவர்கள், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்குவதில்தான் தொடங்கினார்கள். குழலையும் மற்றதையும் தாங்குகிற, தோளில் அணைத்துப் பிடிக்கிற நீளமான ராணுவ மரக் கட்டையைக் கழற்றிப் போடுவார்கள். தேவைப்பட்டால் குழலை மாற்றுவார்கள். குழல் வந்து திருகிக்கொள்கிற, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் முன்னும் பின்னும் ஓடுகிற அந்த எஃகுக் கூடு மட்டும் மிஞ்சும். அதற்கு ரிசீவர் என்று பெயர். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பதே அந்தத் துண்டுதான். மற்றதெல்லாம் உதிரிபாகம். வரிசை எண்ணும் அதன் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும்.

இந்த ஆய்வு அந்த எண்ணைப் பற்றியது. 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளில், எண் 8,00,000க்குக் கீழே இருந்தால் ஒரு கதை, மேலே இருந்தால் வேறு கதை. ராக் ஐலண்ட் ஆயுதச்சாலையில் செய்ததாக இருந்தால் எல்லைக்கோடு 2,85,507. நான் பிழைப்புக்காக ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தும், உலைகளோடு தினமும் பழகுகிறவன். துப்பாக்கி செய்பவன் இல்லை. ஆனாலும் என் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். (இந்தியாவில் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். இதை யாரும் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதில் செய்முறையும் இல்லை.)

ஒரு தச்சரின் முதல் ரைபிள்

1903 ஸ்பிரிங்ஃபீல்ட் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1898இல் கியூபாவில் ஸ்பானியர்களின் மௌசர் ரைபிள்களை எதிர்கொண்ட அமெரிக்க ராணுவம், நமக்கும் இதுபோல ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையிலும், இல்லினாய்ஸின் ராக் ஐலண்டிலும் அதைச் செய்தார்கள். நல்ல துப்பாக்கி. குறி தவறாது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தனக்கென்று ஒன்றை வேட்டைக்கு ஏற்ற வடிவில் செய்து வாங்கிக்கொண்டார். அதன் எண் 6000. 1909இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அதையும் எடுத்துச் சென்றார், அந்தப் பயணத்தைப் பற்றி எழுதவும் செய்தார்.

அதைப் படித்தவர்களில் நியூயார்க்கில் மேசை, அலமாரி செய்துகொண்டிருந்த சீமோர் கிரிஃபின் என்ற தச்சரும் ஒருவர். 1910 வாக்கில் ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் வாங்கி, நல்ல வால்நட் பலகை ஒன்றைப் பிடித்து, தன் கையாலேயே அதற்குக் கட்டை செதுக்கினார். முதல் முயற்சி அது. பார்த்த நண்பர்கள் எனக்கும் செய்து கொடு என்றார்கள். 1923இல் ஜேம்ஸ் ஹவ் என்ற இயந்திர வேலைக்காரரோடு சேர்ந்து அவர் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹவ், அமெரிக்காவின் பெயர்பெற்ற ரைபிள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

தச்சு வேலை தெரிந்த எவருக்கும் அந்த முதல் ரைபிளின் இன்பம் புரியும். கட்டைக்குள் எஃகை உட்கார வைப்பதுதான் அதில் பெரிய வேலை. ரிசீவரின் அடிப்பக்கத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசுவார்கள். மரத்தில் குடைந்த பள்ளத்தில் மெதுவாக இறக்கி, ஒரு தட்டு தட்டி, வெளியே எடுப்பார்கள். எங்கெல்லாம் எஃகு மரத்தில் உரசியதோ அங்கெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் உளியாலோ சுரண்டியாலோ ஒரு இழை சீவ வேண்டும். மறுபடி பூசு, இறக்கு, தட்டு, எடு, சீவு. நூறு முறை, இருநூறு முறை. கடைசியில் பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுப்பு பரவும். அப்போதுதான் எஃகு மரத்தில் உட்கார்ந்தது என்று அர்த்தம். அதன் பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது, பிடிக்குமிடத்தில் சதுரக் கோடு வெட்டுவது எல்லாம்.

மரம் ஒவ்வொரு அடியிலும் பேசும். இங்கே இடிக்கிறது, இங்கே தள்ளிப்போச்சு, இந்த இழை குறுக்கே ஓடுகிறது, உளியைத் திருப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரிசீவர் ஒன்றுமே சொல்லாது. பளபளப்பாக, கன கச்சிதமாக, அரசு முத்திரையோடு இருக்கும். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 1910இல் கிரிஃபினின் கையில் இருந்தது கட்டாயம் 8 லட்சத்துக்குக் கீழான எண்தான். அந்தக் கோடு வருவதற்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது.

1917 கோடை

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. தோட்டாவும் துப்பாக்கியும் அவசர அவசரமாகத் தேவைப்பட்டன. தனியார் தொழிற்சாலைகளிலிருந்தும் தோட்டா வரத் தொடங்கியது. அந்தக் கோடையில் சுட்டுக்கொண்டிருந்தபோது சில ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிள்கள் கையிலேயே உடைந்தன. குழல் வெடிக்கவில்லை. போல்ட்டும் பறந்து வரவில்லை. ரிசீவர் துண்டு துண்டாகச் சிதறியது.

முதல் பழி தோட்டா மேல் விழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் சிலவற்றில் மிருதுவாக இருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டின் அமைப்பில் தோட்டாவை உள்ளே தள்ளியதும் கூட்டின் பின்முனை கொஞ்சம் குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள எஃகு இல்லை. சுடும்போது உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு சுமார் 50,000 பவுண்டு அழுத்தம் எழும்புகிறது. பித்தளை நல்லதாக இருந்தால் தாங்கும். கிழிந்தால் அத்தனை வாயுவும் பின்னோக்கி ரிசீவருக்குள் பாயும்.

ஆனால் பித்தளைக் கூடு கிழிவது எந்தத் துப்பாக்கிக்கும் எப்போதாவது நேரக்கூடியதுதான். அப்படி நேர்ந்தால் நல்ல எஃகு வீங்கும், நெளியும், போல்ட் சிக்கிக்கொள்ளும், துப்பாக்கி வீணாகும், சுட்டவன் பெரும்பாலும் பிழைப்பான். இந்த ரிசீவர்கள் நெளியவில்லை. கண்ணாடி டம்ளர் கீழே விழுந்தாற்போல உடைந்தன. கேள்வி அங்கேதான் திரும்பியது: இந்த எஃகுக்கு என்ன ஆயிற்று?

வெயில் அடித்த நாளும் மூட்டமான நாளும்

விசாரணையில் வெளிவந்ததை ஜூலியன் ஹாட்சர் பதிவு செய்து வைத்திருக்கிறார். அப்போது ராணுவ ஆயுதத்துறையில் இருந்தவர், பின்னாளில் மேஜர் ஜெனரல். 1947இல் வெளிவந்த அவருடைய குறிப்பேட்டில் இந்த நிகழ்வுக்கு ஒரு நீண்ட பகுதியே உண்டு.

ரிசீவர் என்பது முதலில் ஓர் எஃகுக் கட்டி. அதைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டி இயந்திரத்தில் அடித்து, தோராய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். எவ்வளவு காய்ச்சுவது? அன்றைக்கு அதை முடிவு செய்தது அனுபவசாலிகளின் கண். உலையிலிருந்து எடுக்கும்போது எஃகின் நிறத்தைப் பார்ப்பார்கள். இந்தச் சிவப்பு போதாது, இந்த ஆரஞ்சு சரி, இது தாண்டிவிட்டது என்று சொல்வார்கள். பல வருடம் உலை முன்னால் நின்றவர்கள். யாரும் அவர்களைக் கேள்வி கேட்டதில்லை.

வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நல்ல வெயில் அடிக்கும் நாளில் அதே அனுபவசாலியின் கண் ‘சரி’ என்று சொன்ன சூடு, மூட்டமான நாளில் அவர் ‘சரி’ என்று சொன்ன சூட்டைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாக இருந்தது. செல்சியஸில் சுமார் 165 டிகிரி வித்தியாசம். காரணம் எளிது. வெளிச்சம் அதிகமான இடத்தில் காய்ந்த எஃகு மங்கலாகத் தெரியும். இன்னும் போதவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சுவார்கள். எஃகு கருகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறை கண்முன் வந்தது. தாழ்வான ஓலைக்கூரை, பகலிலும் இருட்டு, துருத்தி ஊதும்போது மட்டும் முகம் தெரியும். ஜன்னல் வைக்கக்கூட வசதியில்லை போலும் என்று சின்ன வயதில் பரிதாபப்பட்டிருக்கிறேன். ஜன்னல் இருந்தால் நிறம் பொய் சொல்லும் என்பது அந்த ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. அவர் கண்ணை மட்டும் நம்பவில்லை, கண்ணுக்கு எப்போதும் ஒரே இருட்டைக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் பெரிய தொழிற்சாலைக் கூடத்தில் அந்தக் காவல் இல்லை.

இரும்பைப் பற்றிப் பேசும்போதும் வெல்லப்பாகைப் பற்றிப் பேசும்போதும் நாம் ‘பதம்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். பதம் தவறிக் கருகிய பாகைத் திரும்ப நல்ல பாகாக்க முடியாது, எஃகும் அப்படித்தான். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் எஃகுக்கு உள்ளிருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெரிதாகிவிடும். அதையும் தாண்டினால் மணிக்கும் மணிக்கும் நடுவிலுள்ள எல்லையில் ஆக்சிஜன் புகுந்து அரித்துவிடும். வெளியே தேய்த்து மெருகேற்றினால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியிலிருந்து பிரிந்து நிற்கும்.

இதோடு இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. வடிவம் கொடுத்த பிறகு ரிசீவரை எலும்புக் கரியோடு பெட்டியில் அடைத்துச் சூடாக்கி, மேல்தோலில் கார்பன் ஏற்றி, நேராக எண்ணெயில் அமிழ்த்துவார்கள். கேஸ் ஹார்டனிங் என்று இன்றும் நாங்கள் செய்வதுதான். தோல் கடினமாகவும் உள்ளே வளையும் தன்மையோடும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஒரே ஒரு சூட்டோடு நிறுத்தியதால் கடினம் அதிகமாகி, வளையும் தன்மை குறைந்தது. அந்த எஃகைக் கடினமாக்கிய பின் மறுபடி மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தவில்லை.

இரண்டு குறையையும் ஒன்றாகப் பேசிக் குழப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் பார்வையில் பிரித்துப் பார்ப்பது முக்கியம். இரண்டாவது குறை எல்லா ரிசீவரிலும் ஒரே மாதிரி இருந்தது, அது முறையின் குறை. முதல் குறை சிலவற்றில் மட்டும் இருந்தது, எவற்றில் என்று யாருக்கும் தெரியாது. ஆளைக் கொன்றுவிடக்கூடியது இந்த முதல் குறைதான்.

கோடு கிழித்தார்கள்

1918 பிப்ரவரி வாக்கில் ஸ்பிரிங்ஃபீல்டில் முறை மாறியது. உலைகளில் பைரோமீட்டர் வந்தது. ஒரு சூட்டுக்குப் பதிலாக இரட்டை ஹீட் ட்ரீட்மென்ட் வந்தது. அந்த மாற்றம் நடந்த இடம்தான் எண் 8,00,000. ராக் ஐலண்டில் 2,85,507. பின்னால் நிக்கல் எஃகும் வந்தது, ஸ்பிரிங்ஃபீல்டில் அது 12,75,767ஆம் எண்ணிலிருந்து. இந்தப் புது ரிசீவர்கள் பெயர் சொல்லும்படி உறுதியாக இருந்தன.

சரி, அதற்கு முன்னால் செய்து முடித்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை என்ன செய்வது? நடுப்போரில் அவற்றைக் கொட்டிவிட முடியாது. பழையவற்றைத் திரும்பச் சூடாக்கிச் சரிசெய்ய முடியுமா என்று முயன்றார்கள். பலன் இல்லை. கருகியது கருகியதுதான். துப்பாக்கிகள் புழக்கத்திலேயே இருந்தன.

விபத்துகளும் தொடர்ந்தன. அவற்றில் சில சுட்டவர்களின் தவறால் வந்தவை. ஜெர்மன் ராணுவத்தின் 7.92 மில்லிமீட்டர் தோட்டாவைத் தவறுதலாகப் போட்டுச் சுட்டவர்கள் இருந்தார்கள். 1921இல் ஓஹையோவின் கேம்ப் பெரியில் நடந்த தேசியப் போட்டிகளில், தகரம் பூசிய குண்டுகளைக் கிரீஸில் தோய்த்துச் சுட்டதால் அழுத்தம் எகிறிய நிகழ்வுகளும் உண்டு. 1917 முதல் 1929 வரை ரிசீவர் உடைந்த 68 நிகழ்வுகளை ஹாட்சர் பட்டியலிட்டிருக்கிறார். கண் போனவர்கள் அதில் உண்டு.

1927இல் இதை ஆராய ஒரு குழு அமைந்தது. 1928 பிப்ரவரியில் பிரிகேடியர் ஜெனரல் சாமுவேல் ஹோஃப் எடுத்த நிலை இது: சந்தேகத்துக்குரிய ரிசீவர் உள்ள ரைபிள்களை இனி யாருக்கும் வழங்க வேண்டாம், போர் இருப்பாகத் தனியே வைப்போம், மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். காரணம் தெரிந்து பத்து வருடம் கழித்து வந்த உத்தரவு. போர்க்கால நெருக்கடியை நான் ஏற்றுக்கொள்கிறேன். 1919க்குப் பிறகும் எட்டு, ஒன்பது வருடம் அதே துப்பாக்கிகளை வழங்கிக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மரைன் படையினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1942இல், இரண்டாம் உலகப்போரில், பசிபிக் தீவான குவாடல்கனாலில் இறங்கியவர்களின் கையில் பழைய எண் ரைபிள்களும் இருந்தன. ரிசீவரின் இடப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, கூடு கிழிந்தால் வாயு வெளியேற வழிசெய்ததுதான் சில ரைபிள்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. ஹாட்சர் துளை என்றே அதற்குப் பெயர்.

வீட்டுப் பட்டறைக்கு வந்து சேர்ந்த எண்

இதற்கெல்லாம் நடுவே, தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்கள் அரசிடமே ஸ்பிரிங்ஃபீல்ட் வாங்க வழி இருந்தது. கைமாறிக் கைமாறி வந்தவையும் ஏராளம். கிரிஃபினைப் போல மரத்தை நேசித்த ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றை வேட்டை ரைபிளாக மாற்றினார்கள். மிக அழகான கட்டைகள் பலவற்றின் நடுவில் இன்றும் 8 லட்சத்துக்குக் கீழான எண் உட்கார்ந்திருக்கிறது.

அப்படி ஒன்று கையில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. 10 லட்சத்தில் 68தானே? என் தாத்தா இதில் ஐம்பது வருடம் சுட்டார், ஒன்றும் ஆகவில்லையே? கணக்கு சரி. பெரும்பாலான பழைய ரிசீவர்கள் நல்லவைதான், மூட்டமான நாளில் செய்தவை என்று வைத்துக்கொள்ளலாம். உடைந்தவையும் சும்மா உடையவில்லை, கூடு கிழிவது போன்ற வேறொரு தவறும் சேர்ந்தபோதே உடைந்தன. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது செல்லுபடியாவது, அத்தனை அரிசியும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்ததால். இங்கே ஒவ்வொரு சோறும் தனித் தீயில் வெந்திருக்கிறது. பக்கத்து எண் ரிசீவரைச் சோதித்துப் பார்த்து அது நன்றாக இருந்தால், உங்களுடையதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அது காலை பத்து மணிக்கு, ஒரு மேகம் கடந்துபோனபோது காய்ந்திருக்கலாம். உங்களுடையது மேகம் விலகியபின். ஐம்பது வருடம் சுட்டதும் சாட்சியாகாது. அந்த ஐம்பது வருடத்தில் ஒரு கூடுகூடக் கிழியவில்லை என்பதுதான் அதிலிருந்து தெரிவது.

உடைக்காமல் சோதிக்க வழியுண்டா என்றால், வீட்டுப் பட்டறையில் இல்லை. சுத்தியலால் அடித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. கருகிய ரிசீவர்கள் சில அந்த அடியிலேயே உடைந்துவிடும். உடையாதது நல்லது என்பதற்கு அது சான்றில்லை. அதோடு புதிதாகக் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கடினத்தன்மையை அளக்கும் கருவியும் தோலின் கடினத்தைத்தான் சொல்லும், மணிகளுக்கு நடுவே என்ன ஆயிற்று என்று சொல்லாது. மணியைப் பார்க்க வேண்டுமானால் வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அப்புறம் அது ரிசீவராக இருக்காது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பழைய எண்ணுக்கு மட்டும் உரியதல்ல. தொலைநோக்கி பொருத்தத் துளை போடும்போது டிரில் பிட் தோலில் வழுக்கும். உடனே கேஸ் டார்ச்சை எடுத்து அந்த இடத்தைச் சிவக்கக் காட்டி மிருதுவாக்கிவிடுவார்கள் சிலர். 1918இன் இரட்டை ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்ததை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுகிற வேலை அது. அதுவும் கண்ணால் நிறம் பார்த்து, ஜன்னலோர மேசையில், வெயிலில். ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் நடந்தது அப்படியே திரும்ப நடக்கிறது.

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பின் நிலை தெளிவாக இருக்கிறது: ஸ்பிரிங்ஃபீல்ட் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் 2,85,507க்குக் கீழும் உள்ள எதையும் சுட வேண்டாம். என் நிலையும் அதுவே. சுவரில் மாட்டலாம், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம், தோட்டா போடக் கூடாது.

ரைபிள் செய்ய உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை சில நிமிடம்தான் பிடிக்கும். ரிசீவரின் முன்வளையத்தில் அப்பிய பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வரிசை எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது. மரம் வாங்குவது, உளி தீட்டுவது எல்லாம் அதன் பிறகு.

ஏற்கெனவே பல மாத உழைப்பைக் கட்டையில் கொட்டிவிட்டு, பிறகு எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. 1903 ரிசீவர்களின் வெளி அளவு பழையதிலும் புதியதிலும் ஒன்றேதான். 8 லட்சத்துக்கு மேலான ஒன்றையோ, நிக்கல் எஃகு ஒன்றையோ தேடி வாங்கி, அதே கட்டையில் உட்கார வைக்கலாம். மறுபடி கரி பூசி, இறக்கி, தட்டி, எடுத்து, கறுப்பு விழுந்த இடத்தை மட்டும் ஒரு இழை சீவினால் போதும்.